டென்னிஸ் மட்டையில் கோளாறா, ஸ்ட்ரிங்கில் கோளாறா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

"மட்டை சரியில்லை, மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன்" என்று காலை ஆட்டம் முடிந்து யாராவது சொன்னால், அவரிடம் மூன்று கேள்விகள் கேட்பது என் வழக்கம்: அதில் வலைபோல் கோத்திருக்கும் இழை, அதாவது ஸ்ட்ரிங், என்ன வகை, எத்தனை பவுண்டு இறுக்கத்தில் போட்டது, எப்போது போட்டது. பெரும்பாலும் மூன்றில் ஒன்றுக்குக்கூட விடை வராது. "வாங்கும்போது கடையில் போட்டுக் கொடுத்ததுதான், அறுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்" என்பார்கள். பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய மட்டையைப் பழிப்பதற்கு முன், அதைவிடப் பல மடங்கு குறைந்த செலவில் மாற்றக்கூடிய ஸ்ட்ரிங்கைச் சந்தேகிப்பதே முறை. எப்படிச் சந்தேகிப்பது என்பதைக் கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் தொல்லைக்குரிய தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதற்பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது, ஏனெனில் மற்றப் பகுதிகள் அதில் வரும் சொற்களை வைத்துத்தான் பேசுகின்றன.

முதலில் தெரிந்திருக்க வேண்டியவை

ஸ்ட்ரிங் போடுவதை நம் ஊர்க் கடைகளில் 'கட்டிங்' என்பார்கள். ஆங்கிலத்தில் 'கட்' (gut) என்றால் குடல். ஒரு காலத்தில் ஆட்டுக் குடலிலும் மாட்டுக் குடலிலும் இழை திரித்ததால் நிலைத்துவிட்ட பெயர் அது. (சென்னையில் இதே ஒலியில் வேறொரு கட்டிங்கும் உண்டு, மாலையில் ஆடுபவர்கள் குழம்ப வேண்டாம்.) இன்று விற்பனையில் இருப்பவை பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். இயற்கைக் குடல் ஸ்ட்ரிங் மாட்டுக் குடலின் மேற்சவ்விலிருந்து செய்யப்படுவது. பிரான்சின் லியோன் நகரில் 1875-இல் தொடங்கிய பாபோலாட் நிறுவனத்தின் பெயர் அதோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மென்மையிலும், துள்ளலிலும், இறுக்கத்தைத் தக்கவைத்துக்கொள்வதிலும் அதற்கு இணையில்லை, விலையிலும் இல்லை. சிந்தெட்டிக் கட் என்பது ஒற்றை நைலான் தண்டின் மேல் மெல்லிய நைலான் இழைகளைச் சுற்றியது. மல்டிஃபிலமென்ட் என்பது நூற்றுக்கணக்கான நுண்ணிழைகளைக் கயிறு திரிப்பதுபோல் திரித்துப் பசையிட்டு மேற்பூச்சு கொடுத்தது. பாலியஸ்டர் என்பது பெரும்பாலும் ஒரே திண்மமான தண்டு. விறைப்பானது, எளிதில் அறாதது, பந்துக்குச் சுழற்சி கொடுக்க உதவுவது.

உங்கள் மட்டையில் இருப்பது எது என்று தெரியவில்லை என்றால், முடிச்சுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு நுனியை நகத்தால் கீறிப் பாருங்கள். பஞ்சுபோல் பிரிந்து பொசுபொசுவென்று வந்தால் மல்டிஃபிலமென்ட். மேல்தோல் மட்டும் இழையாக உரிந்து, உள்ளே ஒரு தண்டு வழுவழுப்பாகத் தெரிந்தால் சிந்தெட்டிக் கட். கீறியும் எதுவும் உரியாமல் தூண்டில் நரம்புபோலவே இருந்தால் பாலியஸ்டர். கடை ரசீது தொலைந்துபோனவர்களுக்கு இந்தச் சோதனை போதும்.

பருமனைக் குறிக்கும் எண் ஏற ஏற இழை மெலியும்: 16 என்பது ஏறத்தாழ 1.30 மில்லிமீட்டர், 17 என்பது ஏறத்தாழ 1.25. இறுக்கத்தைப் பவுண்டிலோ கிலோவிலோ சொல்வார்கள். ஒரு கிலோ என்பது 2.2 பவுண்டு. மட்டையின் கழுத்துப் பகுதியிலோ சட்டத்தின் உட்புறத்திலோ 50–60 என்பதுபோல் ஒரு வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. நம் ஊரில் ஸ்ட்ரிங் போடுபவர்களிடம் வரும் மட்டைகளில் மிகப் பெரும்பாலானவை பேட்மிண்டன் மட்டைகள். அவற்றுக்கு 24 என்றால் 24 பவுண்டு. டென்னிஸ் மட்டைக்கு 24 என்று நீங்கள் சொன்னால் அது 24 கிலோ, அதாவது கிட்டத்தட்ட 53 பவுண்டு. எண்ணைச் சொல்லும்போது அலகையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

"முழங்கையின் வெளிப்புறம் வலிக்கிறது"

காபி டம்ளரைத் தூக்கும்போதும், ஈரத் துண்டைப் பிழியும்போதும், கதவுப் பிடியைத் திருகும்போதும் முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் சுருக்கென்று வலித்தால் அது டென்னிஸ் எல்போ என்று சொல்லப்படும் தசைநாண் தொல்லையாக இருக்க வாய்ப்பு மிகுதி. அடிக்கும் முறையிலும், பேக்ஹேண்டில், அதாவது புறங்கைப் பக்கமாக அடிக்கும்போது, பந்தைத் தாமதமாகச் சந்திப்பதிலும், ஓய்வின்மையிலும் இதற்குக் காரணங்கள் உண்டு. சில வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, ஆடாத நேரத்திலும் வலித்தாலோ மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்த்தே ஆக வேண்டும். புண்பட்ட தசைநாணை எந்த ஸ்ட்ரிங்கும் குணப்படுத்தாது. ஆனால் தவறான ஸ்ட்ரிங், ஆறிவரும் தசைநாணை ஒவ்வொரு அடியிலும் மறுபடி குத்தும்.

எனக்கு இது நேர்ந்தபோது நான் எல்லாவற்றையும் சந்தேகித்தேன், ஸ்ட்ரிங் ஒன்றைத் தவிர. முழங்கைப் பட்டை வாங்கினேன், பயிற்சியாளரிடம் பேக்ஹேண்டைத் திருத்திக்கொண்டேன், கைப்பிடியைப் பருமனாக்கினேன். பிறகு ஒருநாள், மட்டை வாங்கிய கடையில் எதுவும் கேட்காமல் போட்டுக் கொடுத்த ஸ்ட்ரிங் பாலியஸ்டர் என்பதும், அதுவும் 58 பவுண்டில் போட்டது என்பதும், போட்டு எட்டு மாதம் ஆகிறது என்பதும் கழுத்தில் ஒட்டியிருந்த சிறு தாளைப் படித்தபோதுதான் தெரிந்தது. அந்தத் தாள் முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது.

பாலியஸ்டர் ஏன் இவ்வளவு பரவியது என்பதைத் தெரிந்துகொண்டால், அது ஏன் நமக்கு ஆகாது என்பதும் புரியும். 1997-இல், அதாவது நுங்கம்பாக்கம் அரங்கில் ஆடவர் தொழில்முறை டென்னிஸ் தொடரான ஏ.டி.பி.யின் போட்டி முதன்முதலாக நடந்த அதே ஆண்டில், உலகத் தரவரிசையில் 66-ஆம் இடத்தில் இருந்த பிரேசில்காரர் குஸ்தாவோ குர்ட்டன் பிரெஞ்சு ஓப்பனை வென்றார். அவர் மட்டையில் இருந்தது பெல்ஜியத்தின் லக்ஸிலான் பாலியஸ்டர். அதன் பிறகு சில ஆண்டுகளில் தொழில்முறை ஆட்டமே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் அவர்கள் மட்டையை வீசும் வேகம் வேறு. பந்து மாற்றும்போதே மட்டையையும் மாற்றி, புதிதாகப் போட்ட ஸ்ட்ரிங்கோடு ஆடுபவர்கள் அவர்களில் பலர். பாலியஸ்டர் அறாவிட்டாலும் விரைவில் செத்துப்போகும். 15 முதல் 20 மணி நேர ஆட்டத்துக்குள் அதன் மீள்திறன் பெருமளவு போய்விடுகிறது. அதன்பின் பந்தின் அதிர்ச்சியை உள்வாங்காமல் கைக்குத் தள்ளிவிடுகிற கம்பியாக அது சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. வாரம் மூன்று நாள் ஒவ்வொரு மணி நேரம் ஆடுபவருக்கு இந்த ஆயுள் ஐந்திலிருந்து ஏழு வாரம். அறாத ஸ்ட்ரிங் என்று மகிழ்ந்து ஓராண்டு வைத்திருப்பவர், ஏறத்தாழ பத்து மாதம் செத்த ஸ்ட்ரிங்கில் ஆடுகிறார் என்று பொருள்.

ஆகவே முழங்கை வலிக்குச் செய்ய வேண்டிய முதல் வேலை, பாலியஸ்டர் இருந்தால் வெட்டி எறிவது. அது புதிதாகவே இருந்தாலும் வெட்டிவிடுங்கள். பணம் வீணாகிறதே என்ற எண்ணம் வரும், ஆனால் பிசியோதெரபி அமர்வுகளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறை. அதன் இடத்தில் 16 அல்லது 17 பருமனில் சிந்தெட்டிக் கட்டோ, பணம் இடம் கொடுத்தால் மல்டிஃபிலமென்ட்டோ போடலாம். மட்டையின் வரம்பு 50–60 என்றிருந்தால் 51 அல்லது 52 பவுண்டில் தொடங்குங்கள். இரண்டு வாரம் ஆடிப் பார்த்து, கடினம் இன்னும் உணரப்பட்டால் அடுத்த முறை 2 பவுண்டு குறைக்கலாம். அச்சிட்ட கீழ் வரம்புக்கு இரண்டு மூன்று பவுண்டு கீழே போவதால் சட்டத்துக்குத் தீங்கில்லை. மேல் வரம்பைத் தாண்டுவதுதான் தீங்கு. ஸ்ட்ரிங் வகை, இறுக்கம், பருமன் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது. எனவே வகையை மாற்றிய பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். என் கையில் வலி குறைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது, அதில் உடற்பயிற்சிக்கும் பங்குண்டு. ஆனால் புது ஸ்ட்ரிங் போட்ட முதல் நாளே, அடித்தபின் கையில் ஏறும் அந்த மரமரப்பு இல்லை என்பதை உணர்ந்தேன்.

ஸ்ட்ரிங்குக்கு நடுவே செருகும் ரப்பர் டேம்பனரை நம்பாதீர்கள். அது 'டங்' என்ற ஓசையை 'டொப்' என்று மாற்றும். முழங்கைக்கு ஏறும் அதிர்ச்சியைக் குறைக்காது. அதைவிடக் கைப்பிடியைக் கவனியுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரத்தில் கைப்பிடிச் சுற்று நனைந்து வழுக்கத் தொடங்கும். மட்டை நழுவாமலிருக்க நம்மை அறியாமல் இறுக்கிப் பிடிப்போம், இறுக்கிப் பிடித்த கையில்தான் அதிர்ச்சி முழுவதும் ஏறும். மேல்சுற்று டேப்பை மலிவானதாகப் பார்த்து மொத்தமாக வாங்கி அடிக்கடி மாற்றுவது, கைக்கு நல்ல பலன் தரும். காற்றழுத்தம் இல்லாத பயிற்சிப் பந்துகளும், பனி ஈரத்தில் கனத்துப்போன பழைய பந்துகளும் கைக்குக் கேடு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முழங்கைக்காக இயற்கைக் குடல் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம், வீட்டில் அதற்குக் குடை பிடிக்க ஆள் இருந்தால். மேற்பூச்சுகள் இப்போது மேம்பட்டிருந்தாலும் ஈரம் அதற்குப் பகைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓரங்களில் தண்ணீர் தேங்கிய தளத்தில் ஆடும் நமக்கு அது நிம்மதி தராது. ஒரு மட்டைக்கு வேண்டிய அதன் ஒரு செட் விலையில் சிந்தெட்டிக் கட் ஐந்தாறு முறை போட்டுவிடலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"பந்து கோட்டைத் தாண்டிப் பறக்கிறது"

இதில் முதலில் பார்க்க வேண்டியது, பந்து எப்போதும் நீளமாகப் போகிறதா, அல்லது சிலமுறை சரியாக விழுந்து சிலமுறை மட்டும் காரணமின்றிப் பறக்கிறதா என்பதே. எல்லா அடியும் சீராக ஓரடி இரண்டடி கூடுதலாகப் போனால் ஸ்ட்ரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது உங்களுக்குத் தேவையானதைவிடக் குறைந்த இறுக்கத்தில் போடப்பட்டிருக்கிறது. அடுத்த முறை 2 பவுண்டு கூட்டினால் போதும். ஒரேயடியாக 5 பவுண்டு கூட்டி, நீளப் பந்துக்குப் பதில் முழங்கை வலியை வாங்கிக்கொள்ள வேண்டாம். ஒரே மாதிரி வீசியும் ஒரு பந்து வலையில், ஒரு பந்து வேலியில் என்று போனால், பாலியஸ்டர் செத்துவிட்டது என்பதே பெரும்பாலும் விடை. அதை இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கோடையில் மட்டும் இந்தத் தொல்லை வருகிறது என்றால், மட்டையைச் சந்தேகிக்கும் முன் பந்தையும் காரையும் நினைத்துப் பாருங்கள். வெப்பத்தில் பந்துக்குள் இருக்கும் காற்று விரிந்து அழுத்தம் ஏறும், பந்து கூடுதலாகத் துள்ளும். கத்திரி வெயிலில் அலுவலக வாசலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் நாள் முழுக்க வெந்த ஸ்ட்ரிங்கோ, மாலையில் எடுக்கும்போது காலையில் இருந்த இறுக்கத்தில் இருக்காது. நைலானும் பாலியஸ்டரும் சூட்டில் நெகிழ்ந்து நீளும். ஆறியபின் பழைய நிலைக்குத் திரும்பாது. மட்டையைக் கையோடு அலுவலகத்துக்குள் எடுத்துச் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"பலகையால் அடிப்பதுபோல் இருக்கிறது, பந்து போகவே மாட்டேன் என்கிறது"

இறுக்கிக் கட்டினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை நம் தளங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. தளர்ந்த ஸ்ட்ரிங் பந்தின் அடியில் உள்வாங்கி, அந்த ஆற்றலைப் பந்துக்கே திருப்பித் தரும். இறுகிய ஸ்ட்ரிங் அதிகம் உள்வாங்காது, பந்தே நசுங்க வேண்டியிருக்கும், நசுங்கிய பந்து ஆற்றலை வீணாக்கும். அமெரிக்க வீரர் பீட் சாம்ப்ராஸ் 70 பவுண்டுக்கு மேல் கட்டிக்கொண்டு ஆடினார் என்று உதாரணம் காட்டுவார்கள். அவர் கையில் இருந்தது 85 சதுர அங்குலத் தலையுடைய கனமான மட்டை, அதில் இயற்கைக் குடல், அதை வீசிய தோள் சாம்ப்ராஸின் தோள். 100 சதுர அங்குல மட்டையில் நைலான் போட்டு ஆடும் நாம் அந்த எண்ணைக் கடன் வாங்க முடியாது.

இறுக்கம் 55-க்கு மேல் இருந்தால் 4 பவுண்டு குறைத்துப் பாருங்கள். பாலியஸ்டரை விட மனமில்லாதவர்கள், நைலானுக்குப் பழகிய எண்ணிலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைத்துச் சொல்ல வேண்டும்: நைலானுக்கு 54 என்றால் பாலியஸ்டருக்கு 48 அல்லது 49. போட்ட அன்றே பலகைபோல இருந்து மூன்றாம் நாள் சரியாகிவிட்டால், அது கோளாறு அல்ல. எந்தப் புது ஸ்ட்ரிங்கும் முதல் ஓரிரு நாளில் சற்றுத் தளர்ந்துதான் நிலைக்கும்.

"ஸ்ட்ரிங் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது"

ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் விரலால் இழைகளை நேராக்கும் பழக்கம் தொலைக்காட்சியில் பார்த்துக் கற்றது என்று சிலர் கேலி செய்வார்கள். நைலானில் அது தேவையான வேலை. பந்தைத் தேய்த்து மேல்நோக்கி அடிக்கும்போது நெடுக்கு இழைகள் பக்கவாட்டில் நகரும். பாலியஸ்டர் வழுக்கிக்கொண்டு தானே இடத்துக்குத் திரும்பும், சுழற்சி கூடுவதற்கு அதுவே காரணம். நைலான் உராய்வால் நகர்ந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆகவே சிந்தெட்டிக் கட் நகர்ந்தால் கவலை வேண்டாம். பாலியஸ்டர் நகர்ந்த இடத்தில் நின்றுவிட்டால், அது மாற்ற வேண்டிய நாளைத் தாண்டிவிட்டது. இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

"அடிக்கடி அறுகிறது"

எங்கே அறுந்தது என்று பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. அறுந்த மட்டையை உடனே கடையில் கொடுத்துவிடாமல் வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள்.

நடுப்பகுதியில், நெடுக்கு இழை ஒன்று குறுக்கு இழையைத் தாண்டும் இடத்தில் அறுந்திருந்தால், பக்கத்து நெடுக்கு இழையை மெல்லத் தூக்கிப் பாருங்கள்: குறுக்கு இழை பட்ட இடமெல்லாம் கிணற்றுக் கயிறு கல்லில் பதித்த தடம்போல ஒரு வெட்டு விழுந்திருக்கும். இது தேய்மானம், நீங்கள் சுழற்சியோடு அடிக்கிறீர்கள் என்பதற்குச் சான்றிதழ். மண் தளத்திலும், காற்று அடித்து மணல் படிந்த சிமெண்ட் தளத்திலும் அந்தப் பொடி இழைகளுக்கு நடுவே உப்புத்தாள்போல் வேலை செய்யும். ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த துணியால் இழைகளைத் துடைப்பது ஆயுளைக் கூட்டும். 17 பருமன் போடுபவர் 16-க்கு மாறலாம். அதற்கும் அடங்காமல் மாதம் ஒருமுறை அறுப்பவருக்குத்தான் பாலியஸ்டரைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு என்பது என் கருத்து. அதையும் பாதி மட்டும், கீழே செலவுப் பகுதியில் சொல்லும் கலப்பு முறையில்.

சட்டத்தை ஒட்டிய மேல்பகுதியில் அறுந்திருந்தால், பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டிருக்கிறது. அதற்கு ஸ்ட்ரிங்கை மாற்றிப் பயனில்லை. துளைக்குள்ளேயே அறுந்திருந்தால் அங்குள்ள பிளாஸ்டிக் குழாயான கிராமெட் வெடித்தோ தேய்ந்தோ போயிருக்கும். அதைக் கவனிக்காமல் புது ஸ்ட்ரிங் போட்டால் அதே துளையில் அதே கதை நடக்கும். ஸ்ட்ரிங் போடுபவரிடம் அந்தத் துளையைக் காட்டிக் கொடுங்கள். கிராமெட் பட்டை முழுவதும் கிடைக்காவிட்டால், சிறு குழாய்த் துண்டு செருகி அந்த ஒரு துளையை மட்டும் காப்பாற்றிவிடலாம்.

எங்கே அறுந்திருந்தாலும், அறுந்த மட்டையை அப்படியே பையில் வைத்து வாரக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்வு என்று நின்றால் சட்டம் கோணும். வீட்டிலேயே கத்தரியால் நடுவிலிருந்து தொடங்கி, ஒரு நெடுக்கு ஒரு குறுக்கு என்று ஓரம் நோக்கி எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள்.

"போட்ட இரண்டாம் நாளே தளர்ந்துவிட்டது"

முதல் ஓரிரு நாள் தளர்வு இயல்பு என்று மேலே சொன்னேன். அதற்கு மேலும் தொட்டிலாய்த் தொங்கினால், ஸ்ட்ரிங் போடும் இயந்திரத்தைப் பற்றிக் கேளுங்கள். கைப்பிடியைச் சுழற்றி இழுக்கும் வகை, குறித்த இறுக்கம் வந்ததும் பூட்டிக்கொண்டு நின்றுவிடும். பூட்டிய பின்னும் இழை சற்று நீளும், அந்த அளவு இறுக்கம் குறையும். மின் இயந்திரமும், எடை தொங்கும் வகையும் இழை நீள நீள விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரே 52 பவுண்டு இரண்டு கடைகளில் இரண்டு விதமாக இருக்கும். இதில் யாரும் ஏமாற்றவில்லை. பூட்டும் வகையில் போடுபவரிடம் 2 அல்லது 3 பவுண்டு கூட்டிச் சொன்னால் கணக்குச் சரியாகிவிடும். நல்ல ஆள் ஒருவர் அமைந்துவிட்டால் அவரை விடாதீர்கள். எண்ணைவிட அந்தக் கையும் அந்த இயந்திரமும் மாறாமல் இருப்பது முக்கியம்.

"செலவு கட்டுப்படியாகவில்லை"

எத்தனை முறை மாற்ற வேண்டும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறீர்களோ, ஆண்டில் அத்தனை முறை. நைலான் வகைகளுக்கு இது இன்றும் ஏறக்குறையப் பொருந்தும். வாரம் மூன்று நாள் ஆடுபவருக்குச் சிந்தெட்டிக் கட் ஆண்டுக்கு மூன்று முறை. அதே ஆள் பாலியஸ்டரை அதன் உண்மையான ஆயுளுக்குள் மாற்றினால் ஆண்டுக்கு எட்டு அல்லது ஒன்பது முறை. ஒவ்வொரு முறையும் போடும் கூலி வேறு. அறாத ஸ்ட்ரிங் சிக்கனமானது என்ற கணக்கு இங்கேதான் உடைகிறது.

ஒரு செட் என்பது 12 மீட்டர். ரீல் என்பது பெரும்பாலும் 200 மீட்டர். ரீலில் 16 முழு மட்டைகளுக்குப் போட்டு 8 மீட்டர் மிஞ்சும். அளந்து வெட்டும் கைக்காரர் 100 சதுர அங்குல மட்டைக்குப் பதினொன்றரை மீட்டரில் முடித்துப் பதினேழாவது மட்டையையும் தேற்றிவிடுவார். செட் செட்டாக வாங்குவதைவிட ரீலில் ஒரு மட்டைக்கு ஆகும் செலவு தெளிவாகக் குறையும். தனி ஆளுக்கு ஒரு ரீல் பெரிது. எங்கள் தளத்தில் நான்கு பேர் சேர்ந்து ஒரு சிந்தெட்டிக் கட் ரீல் வாங்குகிறோம், யார் எத்தனை மீட்டர் எடுத்தார் என்று ரீல் அட்டையின் உட்புறத்திலேயே எழுதிவைக்கிறோம். ஆளுக்கு நான்கு முறை வருகிறது, ஓராண்டுக்கு மேல் ஓடுகிறது. பெரியமேட்டு விளையாட்டுப் பொருள் கடைகளில் நாலைந்து படி ஏறி இறங்கி விலை கேட்டால் பேரத்துக்கும் இடமுண்டு. வாங்கும்போது உறையில் பருமனும் நீளமும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத சுருளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ரீலை வெயில் படாத அலமாரியில், முடிந்தால் ஈரம் புகாத உறைக்குள் வையுங்கள்.

இனி கலப்பு முறை. நெடுக்குக்கு ஒரு வகை, குறுக்குக்கு வேறு வகை போடுவதைக் கடைகளில் ஹைப்ரிட் என்பார்கள். சுவிட்சர்லாந்து வீரர் ரோஜர் ஃபெடரர் நெடுக்கில் இயற்கைக் குடலும் குறுக்கில் பாலியஸ்டரும் போட்டார். மட்டையின் உணர்வைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நெடுக்கு இழை என்பதால், முழங்கையைக் காப்பாற்ற நினைப்பவர் நெடுக்கில் மென்மையான நைலானைப் போட வேண்டும். அதிகம் அறுப்பவர், முழங்கை நலமாக இருந்தால் மட்டும், பாலியஸ்டரை நெடுக்கில் போட்டு நைலானைக் குறுக்கில் வைக்கலாம். எப்படியானாலும் பாலியஸ்டர் பக்கத்தை 2 பவுண்டு குறைத்துச் சொல்லுங்கள். இதற்கென்று தனிக் கலப்பு செட் வாங்கத் தேவையில்லை: ஒரு பாலியஸ்டர் செட்டையும் ஒரு மல்டிஃபிலமென்ட் செட்டையும் பாதியாக வெட்டினால் இரண்டு மட்டைகளுக்கு ஆகிவிடும். வெட்டும் முன் நெடுக்குக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று போடுபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில மட்டைகளுக்குச் சரிபாதி நீளம் எட்டாது, பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் குறைந்து கடைசித் துளையில் வந்து நின்றால் அந்த இழை முழுவதும் வீண்.

மட்டையைத் திரும்ப வாங்கும்போது கழுத்தில் ஒரு சிறு டேப் ஒட்டி, நெடுக்கில் என்ன, குறுக்கில் என்ன, எத்தனை பவுண்டு, எந்தத் தேதி, எந்த வகை இயந்திரம் என்று பேனாவால் எழுதச் சொல்லுங்கள். எழுத மறந்தால் கல்லாவில் நின்றபடியே நீங்களே எழுதி ஒட்டிவிடுங்கள்.